அறுபத்தொன்றாவது கார்டு

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஆரோக்கியம் மாமாவின் எண்ணிலிருந்து போன் வந்தபோது நான் எடுக்கவில்லை. கையில் வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்; கடையில் ஒருவருடைய ஃபிரேமில் லென்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் அது காரணம் இல்லை. ஸ்டெல்லா அக்காதான் வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிடுகிறார், சமாதானம் பேசப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நாலு நாளாக நான் முறுக்கிக்கொண்டு இருந்தேன். இன்னொரு தடவை அடிக்கட்டும், கொஞ்சம் கெஞ்சட்டும் என்று இருந்தது. மறுபடி அடித்தபோது எடுத்து, வேண்டுமென்றே விறைப்பாக, “என்னா?” என்றேன்.

“மச்சான், ஸ்டெல்லா போயிட்டா” என்றார் ஆரோக்கியம் மாமா.

அக்கா காலை ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்து நாலுதான். நான் “என்னா” என்று கேட்ட குரலை மாமா கவனித்தாரா என்று தெரியவில்லை. எனக்கு அது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

கடலூர் முதுநகரில் ஸ்டெல்லா அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பார்த்திருப்பீர்கள். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த மேடமாகச் சிலருக்குத் தெரிந்திருக்கும். நான் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பற்றி. காலைப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடிக்கு வந்து, எங்கள் பத்துப் பேரோடு பெஞ்சில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை கார்டு ஆடிய அக்கா. கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேரிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. “சீட்டாடப் போறேன்னு சொன்னா என்னா நெனைப்பாங்க தம்பி?” என்று சிரிப்பார்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது ரம்மி இல்லை. இந்த ஆட்டத்துக்கான கார்டுகள் பாக்கெட் பாக்கெட்டாக விற்கும். ஒவ்வொரு கார்டிலும் ஒரு படம், கீழே அது என்ன செய்யும் என்று பொடி எழுத்தில் நாலு வரி. ஆயிரக்கணக்கில் இருக்கிற கார்டுகளிலிருந்து குறைந்தது அறுபதைப் பொறுக்கி அவரவர் சொந்தமாக ஒரு கட்டு சேர்க்க வேண்டும். கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக எடுக்கும்போது எது கைக்கு வரும் என்று தெரியாது. ஆகவே ஆட்டத்தில் பாதி எதிராளியோடு நடப்பதில்லை. எதை வைப்பது, எதை எடுப்பது என்று வீட்டில் மண்டையை உடைத்துக்கொள்வதில் நடக்கிறது. அந்தப் பாதியில் அக்கா கெட்டிக்காரர். உட்கார்ந்து ஆடுகிற பாதியில் நான் பரவாயில்லை. அதனால் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கட்டு. அவர் சேர்ப்பார், நான் ஆடுவேன்.

அவர் எனக்கு அறிமுகமானது கொரோனா ஓய்ந்த அடுத்த வருஷம். கீழ வீதியில் என் கண்ணாடிக் கடைக்கு, படிக்கிறதற்குக் கண்ணாடி வேண்டும் என்று வந்தார். வியாபாரம் இல்லாத மதியம். கல்லா மேல் கார்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தேன். கிட்டத்தில் படிக்க வைத்துச் சோதிக்கிற எழுத்து அட்டை அவசரத்துக்கு அகப்படவில்லை. ஒரு கார்டை எடுத்துக் கையில் கொடுத்து, “இதைப் படிங்க மேடம்” என்றேன். நாலு வரியையும் படித்தார். பிறகு தலையைத் தூக்கி, “அப்புறம்?” என்றார்.

“எழுத்து தெளிவா தெரியுதுங்களா?”

“அதெல்லாம் தெரியுது. இதை இறக்குனா அடுத்து என்னா ஆவும்?”

சொன்னேன். என் அப்போதைய கட்டின் பெருமையே அந்தக் கார்டுதான். அது வந்துவிட்டால் எதிராளி எழுந்திருக்க முடியாது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, இது வரலன்னா?” என்றார்.

வரும் என்றேதான் அதுவரை ஆடிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வாங்க அடுத்த ஞாயிறு வந்தவர் அன்றைக்கே மாடிக்கும் வந்தார். இரண்டு மாதத்தில் எங்கள் ஒவ்வொருவர் கட்டையும் பிரித்துப் போட்டு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

மனைவி ஞாயிறுதோறும் சிதம்பரத்தில் எங்கே போகிறார் என்று பார்க்க ஆரோக்கியம் மாமாவும் ஒரு நாள் கூட வந்தார். முதுநகரில் படகு என்ஜின் பழுது பார்க்கிறவர். பத்து நிமிஷம் பார்த்தார், கொட்டாவி விட்டார், இரண்டு சமோசா சாப்பிட்டார். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, “நீ பாத்துக்க மச்சான், நான் கெளம்புறேன்” என்றார். மச்சான் என்று அவர் வாயில் வந்துவிட்டதால் நான் அக்காவுக்குத் தம்பி ஆனேன். அன்று முதல் அவர் எனக்கு மாமா. முறை அப்படித்தான் அமைந்தது, யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

அக்கா வேலை செய்கிற விதம் எங்களுக்கெல்லாம் முதலில் எரிச்சலாக இருந்தது. நாங்கள் ஒரு ஆட்டம் தோற்றால் கட்டில் ஏழெட்டுக் கார்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு ஏழெட்டைச் செருகுவோம். அவர் விடமாட்டார். “ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். ஏழை மாத்திட்டு ஜெயிச்சா, எதால ஜெயிச்சோம்னு உனக்குத் தெரியுமா?” என்பார். ஒரே ஒரு கார்டை மாற்றி, அதை வைத்துப் பத்து ஆட்டம், வைக்காமல் பத்து ஆட்டம் ஆடச் சொல்வார். எதிராளி கிடைக்காத நாளில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவரே இரண்டு பக்கமும் ஆடுவார். அப்போது ஒவ்வொரு முறைக்கும் எழுந்து எதிர் நாற்காலிக்குப் போய் உட்கார்வார். ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஆடினால் என்ன என்று கேட்டேன். “ஒரே நாற்காலில உக்காந்தா நமக்கே சாதகமா ஆடிடுவோம் தம்பி. அந்தப் பக்கம் போயி உக்காந்தாதான் அவுங்களுக்கு என்னா வலிக்குதுன்னு தெரியும்” என்றார்.

அவருக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. கட்டில் குறைந்தது அறுபது இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்கு மேல் வைத்தால் தப்பில்லை. ஆனால் கூடுகிற ஒவ்வொரு கார்டும் உங்களுக்கு வேண்டிய கார்டைக் கொஞ்சம் தள்ளிப் போடும். இருந்தாலும் எதை எடுப்பது என்று மனசு வராமல் அறுபத்தொன்று வைத்திருக்கிறவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். அக்கா கட்டை எண்ணிப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொல்வார்: “அறுபத்தொண்ணு வச்சிருக்கவனுக்கு முடிவெடுக்கத் தெரியலன்னு அர்த்தம்.” சொல்லிவிட்டு, அதில் எதை எடுக்கலாம் என்று அவனோடு ஒரு மணி நேரம் உட்காருவார்.

ஒரு தடவை கீழே யாரோ புகார் கொடுத்து, மாடியில் சீட்டாட்டம் நடக்கிறது என்று ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் எழுந்து சுவரோரம் நின்றுவிட்டோம். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. “உக்காருங்க சார், நின்னுட்டே பாத்தா புரியாது” என்று பெஞ்சில் இடம் விட்டார். எது படை, எது பலம், எப்போது எதை இறக்கலாம், எப்போது கூடாது என்று ஆரம்பித்தார். போலீஸ்காரர் இரண்டு தரம் எழுந்திருக்கப் பார்த்தார். “இருங்க சார், முக்கியமானது இனிமேதான் வருது” என்றார் அக்கா. கடைசியில் அந்த மனுஷர் தொப்பியை எடுத்துக்கொண்டு, “எம்மா, போதும்மா. காசு வைக்கலன்னா சரி. இதுக்கு ரம்மியே தேவலாம்” என்று இறங்கிப் போனார். இத்தனைக்கும் அக்கா கிண்டலுக்குச் செய்யவில்லை. அவருக்குப் புரிந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பிச் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் கூட்டத்தில் இப்போது எல்லோரும் கைக்கொள்கிற ஒரு வழக்கம் அவர் ஏற்படுத்தியது. நான் அவசரக்காரன், எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் இம்தியாஸின் கட்டிலிருந்து ஒரு கார்டை நானே பிடுங்கி, “இதெல்லாம் ஒரு கார்டா?” என்று மேஜையில் வீசிவிட்டேன். இம்தியாஸ் பரங்கிப்பேட்டைக்காரன், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான், எங்களில் நன்றாக ஆடுகிறவன் அவன்தான். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. அக்கா என்னைப் பார்த்து, “அடுத்தவங்க சட்டைப் பையில கை வுடுவியா நீ?” என்றார்.

அன்றைக்கு அவர் வைத்த முறை இது. ஒரு கட்டிலிருந்து ஒரு கார்டு போகலாம் என்று தோன்றினால், அதைக் கட்டின் மேல் குறுக்காகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வாயால் ஒன்றும் சொல்லக் கூடாது. அடுத்தவர் திருப்பிப் பார்க்க வேண்டும். “ஏன்?” என்று கேட்கலாம், கேட்டால் வைத்தவர் மழுப்பாமல் காரணம் சொல்லியாக வேண்டும். பிறகு அதைத் தனியே எடுத்து வைத்தால் சம்மதம். நிமிர்த்திக் கட்டுக்குள் செருகினால் சம்மதம் இல்லை. எதுவானாலும் அத்தோடு பேச்சு முடிந்தது. நம்பமாட்டீர்கள், அதற்குப் பிறகு எங்கள் மாடியில் சண்டையே வரவில்லை. எல்லாச் சண்டையையும் நான் மூட்டை கட்டிப் புதுச்சேரிப் போட்டிக்கு எடுத்துப் போனேன்.

அந்தச் சண்டைக்குக் காரணமான கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்டுகளின் ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். தாமதமாக வந்து, வந்ததும் எல்லோரையும் எழுந்து நிற்க வைக்கிற பெரிய கார்டுக்குப் பெயர் பெரியப்பா. வழி மறிக்கிற கார்டு செக்போஸ்ட். வேர்கள் தண்ணீரில் இறங்கிய மரங்களுக்கு நடுவில் ஒரு பெண் படகு தள்ளிப் போகிற படம் போட்ட ஒன்றுக்கு, பார்த்தவுடனே, பிச்சாவரம் என்று பெயர் விழுந்துவிட்டது. அது செய்வது சின்னக் காரியம். ஆடிக் கழித்துப் போட்ட கார்டுகளிலிருந்து ஒன்றைத் திரும்பக் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முறை வேறு எதுவும் செய்ய முடியாது. கட்டை வேகமாக ஓட்ட நினைக்கிறவனுக்கு அது ஒரு தண்டம்.

எங்கள் கட்டு வேகமான கட்டு. அதில் அக்கா பிச்சாவரத்தை ஒன்று வைத்திருந்தார். இரண்டு வருஷத்தில் மற்ற எல்லாக் கார்டும் மாறியிருக்கும். அது மட்டும் மாறவில்லை. எத்தனையோ ஞாயிறு அதைக் குறுக்காகக் கவிழ்த்து வைத்தேன். திருப்பிப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், நிமிர்த்தி உள்ளே செருகிவிடுவார். காரணம் கேட்கிற உரிமை அவருக்குத்தான் இருந்தது, அவர் கேட்டதில்லை. நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். அவர் ஏன் மறுக்கிறார் என்று நானும் ஒரு நாளும் கேட்டதில்லை. முறைப்படி கேட்க இடமில்லை என்று சொல்லிக்கொள்வேன். கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை என்பதுதான் நிஜம்.

இன்னொரு சின்ன விஷயம். கடலோரக் காற்றில் கார்டு வளைந்துபோகும். வளைந்த கார்டைப் போட்டியில் அடையாளம் வைத்த கார்டு என்று நிறுத்திவிடுவார்கள். அதற்காக அக்கா கட்டை ஒரு டிபன் டப்பாவில், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலங்களோடு வைத்திருப்பார். கண்ணாடிப் பெட்டிகளோடு எங்கள் கடைக்கு வருகிற பொட்டலங்களைச் சேர்த்து வைத்து ஞாயிறு கொண்டு போய்க் கொடுப்பேன். “என் தம்பி சீர் கொண்டாந்திருக்கான்” என்று எல்லோருக்கும் காட்டி வாங்கிக்கொள்வார்.

புதுச்சேரியில் நடந்தது மண்டலப் போட்டி. அதில் ஜெயித்தால் சென்னையில் பெரிய போட்டிக்குப் போகலாம். ஒரு வருஷமாக அதற்காகத்தான் கட்டைச் சீவிச் சீவி வைத்திருந்தோம். அரையிறுதி வரை வந்தேன். கடைசி ஆட்டத்தில், ஒரு பெரியப்பா வந்தால் போதும் என்கிற நிலைமையில், கட்டிலிருந்து எடுத்தேன். பிச்சாவரம் வந்தது. அடுத்த முறையில் தோற்றேன்.

எதிரே இருந்தவர் நீட்டிய கையை நான் குலுக்கவில்லை. அந்தக் கார்டை மேஜையில் அடித்தேன். அது வழுக்கிக் கீழே விழுந்தது. தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவைப் பார்த்து, மண்டபமே திரும்புகிற குரலில், “இதாலதான் போச்சு! ரெண்டு வருஷமா சொல்றேன், கேட்டீங்களா?” என்றேன். அக்கா உள்ளே வந்தார். குனிந்து கார்டை எடுத்தார். அதன் பிளாஸ்டிக் உறையை முந்தானையில் துடைத்தார். கட்டோடு சேர்த்து டப்பாவில் வைத்து மூடினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் வெளியே வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்று, “வூட்டுக்குப் போயி மெசேஜ் போடு தம்பி” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். போடவில்லை. மறுநாள் காலை அவரே “சேந்துட்டியா?” என்று கேட்டிருந்தார். திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் நீல டிக் காட்டியிருக்கும். அதற்கும் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமையைத்தான் முதலிலேயே சொன்னேன்.

முதுநகர் வீட்டில் எல்லாம் தயாராகி, பெட்டி மூடுவதற்கு முன்னால், பிறந்த வீட்டுக் கோடி யார் போடுவது என்று பேச்சு வந்தது. அக்காவின் கூடப்பிறந்த தம்பி குவைத்தில் இருக்கிறார். அவருக்கு விமானம் கிடைக்கவில்லை. ஆரோக்கியம் மாமா கூட்டத்தில் என்னைத் தேடி, “மச்சான், நீதான் போடணும்” என்றார். கடையில் வாங்கிய சேலையைப் பிரித்து நான்தான் அக்கா மேல் போர்த்தினேன். கூடியிருந்த பெண்கள் என்னைப் பார்த்து அழுதார்கள். ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடப்பொறந்தவன் மாதிரி இருந்தியேப்பா” என்றார். சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போடாத தம்பி, கோடி போட்டுக்கொண்டு நின்றேன். ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவும் தைரியம் இல்லை.

அடுத்த வாரம் மாமா என் கடைக்கு வந்து டிபன் டப்பாவைக் கல்லா மேல் வைத்தார். “இதை வூட்ல வச்சுட்டுப் பாக்க முடியல. செவ்வாக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு வந்து, டேபிள்ல மாறி மாறி உக்காந்து ஆடிட்டிருந்தா. அப்புறம் மூடி வச்சா. நான் தொறக்கல” என்றார். ஒரு டீ குடித்தார். கிளம்பிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு திறந்தேன். நான் கொடுத்த பொட்டலங்கள் சுற்றிலும் இருந்தன. நடுவில் எங்கள் கட்டு. கட்டின் மேல் குறுக்காக ஒரு கார்டு கவிழ்ந்திருந்தது.

திருப்பினேன். பிச்சாவரம்.

மாடி நண்பர்களே, உங்களில் எவருக்கும் இதன் அர்த்தத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக நான் கேட்டதை அக்கா என்னிடம் கேட்டிருக்கிறார். இது போகட்டுமா என்று வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவன் நான். அதற்கு முன்னால் “ஏன்?” என்று கேட்கிற உரிமை எனக்கு உண்டு. நான் கத்தியதில் மனசு உடைந்து, சரி இவன் இஷ்டப்படியே ஆகட்டும் என்று வைத்தாரா? இல்லை, ஆடிப் பார்த்து, தேவையில்லை என்று கண்டுபிடித்து வைத்தாரா? வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஏன் என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் மழுப்பாமல் சொல்லியிருப்பார்.

ஆடிப் பார்த்தேன். வேறு என்ன செய்ய? கடையை மூடிவிட்டு, கல்லாவுக்கு இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு, அவர் முறைப்படியே முறைக்கு முறை மாறி உட்கார்ந்தேன். அதை வைத்துப் பத்து ஆட்டம், வைக்காமல் பத்து ஆட்டம். அது இல்லாமல் கட்டு நன்றாக ஓடியது. சந்தேகமே இல்லை, நன்றாக ஓடியது. நான் சொன்னதுதான் சரி. அக்கா இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன். இப்போது சரியாக இருந்து என்ன பண்ண? தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏங்கினேன். என் பக்கத்தைத் தோற்கடிக்க எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து சாமர்த்தியமெல்லாம் பண்ணிப் பார்த்தேன், நடக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முதுநகர் போனேன். பூசை முடிந்து சாப்பாடு ஆன பிறகு, கோயில் மதிலோரம் மாமாவைத் தனியாகப் பிடித்து, கவிழ்ந்திருந்த கார்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஆட்டம் தெரியாது. கார்டின் பெயரைக் கேட்டதும் மட்டும் நிமிர்ந்தார்.

“படகு போட்டிருக்குமே, அதுவா? அது கட்டுக்காக வச்சது இல்ல மச்சான்.”

“பின்ன?”

“உனக்காக வச்சது. நான்கூடக் கேட்டேன், தம்பிதான் வேணாங்குறானே, தூக்கிப் போடேன்னு. ‘அவன் அவசரக்காரன், நல்ல கார்டைக் கோவத்துல கழிச்சுப் போட்டுடுவான். திரும்ப எடுக்க ஒரு வழி இருக்கட்டும்’னு சொன்னா.”

மாமா அதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பந்தி எடுக்கிற இடத்தைப் பார்க்கப் போய்விட்டார். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பத்தும் பத்தும் இருபது ஆட்டமும் செல்லாது. கடையில் தனியாக உட்கார்ந்து ஆடினால் எனக்கு யார் மேல் கோபம் வரும்? புதுச்சேரியில் அந்தக் கடைசி ஆட்டத்தில் நான் என்ன செய்தேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு மூன்று முறை முன்னால், எதிராளி சிரித்தான் என்று எரிச்சல்பட்டு, கையிலிருந்த பெரியப்பாவை நானேதான் கழித்துப் போட்டிருந்தேன். பிச்சாவரம் அதைத் திரும்ப எடுத்துக் கொடுக்கத்தான் வந்தது. அந்த முறை அதை எடுத்துக்கொண்டு பொறுமையாக இருந்திருந்தால் ஜெயித்திருப்பேனா, தெரியாது. ஆனால் வழி இருந்தது. அக்கா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். கார்டைத் துடைத்து வைத்தபோது அவர் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆக, கேள்வி இன்னும் கஷ்டமாகிவிட்டது. எனக்காக வைத்ததை ஏன் எடுக்க நினைத்தார்? இவனுக்கு இனி இது வேண்டாம், பக்குவம் வந்துவிட்டது என்றா? புதுச்சேரியில் என்னைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியாது. இவனுக்கு எத்தனை வழி வைத்தும் பிரயோஜனம் இல்லை என்றா? அப்படி நினைக்கிறவரும் அவர் இல்லை. இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்க்கிறேன். தெரியவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவை. டிபன் டப்பா. எதிர் நாற்காலிக்கு எழுந்து போய் உட்காருகிற பழக்கம். கடையில் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும் மனசுக்குள் தானாக வருகிற “வரலன்னா?” என்ற கேள்வி. பெட்டி பிரிக்கும்போதெல்லாம் சிலிக்கா பொட்டலத்தை எடுத்துத் தனியாக வைக்கிறேன்; ஞாயிறு கொடுப்பதற்கு ஆள் இல்லை என்பது பிறகுதான் உறைக்கிறது. அப்புறம் அந்தக் கார்டு. அதை எடுத்துத் தனியே வைக்கக் கை வரவில்லை. வைத்தால், ஆமாம் அக்கா, நீங்கள் வைத்தது தண்டம்தான் என்று சொன்னதாகும். நிமிர்த்தி அதன் இடத்தில் செருகவும் முடியவில்லை. அவர் கடைசியாகக் கேட்ட ஒன்றுக்கு மாட்டேன் என்று சொன்னதாகும். பிச்சாவரத்துக்குப் பதிலாக வைக்க நினைத்திருந்த கார்டையும் கட்டில் சேர்த்தேன், பிச்சாவரத்தையும் விட்டுவைத்தேன்.

அக்காவின் நினைவாக ஒரு ஞாயிறு முழுக்க ஆடலாம் என்று நீங்கள் எல்லோரும் முடிவு செய்து, ஆரோக்கியம் மாமாவையும் கூட்டி வந்து முன் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். அவர் இந்தத் தடவை கொட்டாவி விடவில்லை. எனக்கு எதிரே இம்தியாஸ். முறைப்படி என் கட்டை வாங்கி, பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினான். எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணினான். அறுபத்தொன்று வைத்திருக்கிறவனை அக்கா என்ன சொல்வார் என்பது அந்த மாடியில் தெரியாதவர்கள் இல்லை. பக்கத்துப் பெஞ்சில் கலைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

“ஒண்ணு ஜாஸ்தி இருக்குது அண்ணே” என்றான், மெதுவாக.

“இருக்கட்டும்” என்றேன்.